கன்ட்ரோல் சரியாக இருந்தது

பெங்களூரில் ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மெஷின் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜையை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு விளக்கு, சீரத்தையும் மருந்தையும் உறிஞ்சிக் கலக்கும் ஊசி, வரிசையாகச் சின்னக் குழிகள். சர்க்கரை, கொழுப்பு, யூரியா, கிரியாட்டினின் என்று டாக்டர் சீட்டில் கிறுக்குவதையெல்லாம் இந்தப் பெட்டிதான் அளந்து சொல்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை நான் உயிரோடு இருக்கிறேனா என்று ஒருவரும் கேட்பதில்லை. நின்றுவிட்டால் லேப் ஓனர் என் பரம்பரையையே விசாரிப்பார்.

வீடு ஈஜிபுராவில். காலையில் பைக்கின் முன்னால் டூல் பையை வைத்துக்கொண்டு கிளம்பினால், மல்லேஸ்வரத்தில் ஒரு லேப், அங்கிருந்து ஊரைக் குறுக்கே கடந்து காக்ஸ் டவுனில் ஒரு லேப், நடுவில் எங்காவது ஒரு மருந்துக்கடையின் பின்கட்டு லேப் என்று போகும். சிக்னலில் நிற்கும் நேரத்தில்தான் போனை எடுப்பேன். “பர்தா இத்தீனி சார், பர்தா இத்தீனி” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அதே சிக்னலில் மறுபடி நிற்பேன். வந்துகொண்டே இருக்கிறேன் என்பதுதான் இந்தத் தொழிலின் மூல மந்திரம்.

இத்தனை வருடத்தில் எனக்கு ரத்தம் என்பது ரத்தமாக இல்லாமல் போய்விட்டது. அது சாம்பிள். கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுவது கிரியாட்டினின். அது அதிகமாக இருக்கும்போதும் மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கு, அது ஏறிப்போன ஒருவரின் ரத்தம் வேண்டும். அதனால் எந்த லேபிலும் கூச்சமில்லாமல் கேட்போம்: “மேடம், நல்ல சாம்பிள் ஏதாச்சும் இருக்கா? டயாலிசிஸ் பேஷன்ட்து?” எங்கள் தொழிலில் நல்ல சாம்பிள் என்றால் அந்த ஆள் மோசமாக இருக்கிறார் என்று அர்த்தம். மெஷின் எட்டு, ஒன்பது என்று பிசகாமல் காட்டினால் எங்களுக்குச் சந்தோஷம். அந்தக் குழாயில் ஒட்டியிருக்கும் பெயரை நான் படித்ததே கிடையாது. கல்நெஞ்சு என்று சொல்ல வேண்டாம். தினமும் பிணத்தைப் பார்க்கிற வெட்டியான் தினமும் அழ முடியுமா?

இதேபோல இன்னொரு வழக்கமும் உண்டு. பழுது பார்த்து முடித்ததும் கன்ட்ரோல் ஓட்ட வேண்டும். கன்ட்ரோல் என்பது கம்பெனியிலிருந்து வரும் பொடி. தண்ணீரில் கரைத்தால் சீரம் மாதிரி ஆகும். அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரியும். மெஷின் அதையே காட்டினால் மெஷின் சரி. ஆனால் லேப்காரர்கள் கன்ட்ரோலைக் கோயில் தீர்த்தம் மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் கொடுப்பார்கள். கரைத்த குப்பியைக் கெடுவுக்கு மேலும் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். அதை நம்ப முடியாது. அதனால் எங்களில் பலரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டிவிடுவோம். சொந்த ரத்தம். வாரத்துக்கு ஒருமுறையாவது எங்காவது ஓட்டிப் பார்ப்பதால் என் கணக்குகள் எனக்கு மனப்பாடம். யூரியா இருபத்திரண்டை ஒட்டி, கிரியாட்டினின் பூஜ்யம் புள்ளி ஒன்பது. எந்த மெஷினிலும் அதே புள்ளி ஒன்பது. கம்பெனி கன்ட்ரோல் கெட்டுப்போகலாம், நான் கெட்டுப்போக மாட்டேன் என்று ஆபீசில் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்த வருடம் வேலை அதிகம். இருந்த இன்ஜினியர்களில் ஒருவர் விலகிப் போனதால் அவருடைய பாதி லேபுகளும் என் தலையில் விழுந்தன. ஒரு லேபில் வேலை முடிந்ததும் அடுத்ததற்கு ஓட வேண்டியிருந்ததால் சில மாதங்களாக ரத்தம் கொடுத்துப் பார்க்கவும் நேரமில்லை. பைக்கிலேயே கிடந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. குனிந்து மெஷினின் அடித்தட்டைக் கழற்றும்போது உயிர் போய் உயிர் வரும். வலி மாத்திரை போட்டுக்கொண்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ட்ராஃபிக் மோசமாக இருந்தால் நடுவில் இன்னொன்று. தண்ணீர் குடிப்பதை நானாகவே குறைத்துவிட்டேன், ஏனென்றால் இந்த ஊரில் நடுரோட்டில் ஒன்றுக்கு வந்தால் ஒதுங்க இடம் தேடுவதற்குள் ஒரு சர்வீஸ் கால் முடித்துவிடலாம். கால் வீங்கியது. புது ஷூ கடிக்கிறது என்று ஷூவை மாற்றினேன்.

மல்லேஸ்வரம் லேபில் விளக்கு மாற்றப் போன நாள் அது. மாற்றி, சுத்தம் செய்து, கன்ட்ரோல் ஓட்டினேன். சரியாக வந்தது. நேரம் இருந்ததால் வழக்கப்படி என் கையையும் நீட்டினேன். கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது என்று வந்தது.

சிரிப்புதான் வந்தது. புது விளக்கு இன்னும் நிலைக்கவில்லை என்று நினைத்துக் கொஞ்சம் காத்திருந்து மறுபடி ஓட்டினேன். அதே எண். ஊசியைக் கழுவினேன். குழாயை மாற்றினேன். மறுபடி முதலிலிருந்து அளவு திருத்தினேன். ஒன்று புள்ளி ஒன்பது. கவுன்டரில் இருந்த பெண் எட்டிப்பார்த்து, “மெஷின் சரி ஆய்தா சார்?” என்று கேட்டாள். “ஸ்வல்ப வெய்ட் மாடி” என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். கன்ட்ரோல் சரியாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, இவர்கள் குப்பியை எப்போது கரைத்தார்களோ என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மனசுக்குள் அந்த மெஷினைத் திட்டிக்கொண்டே போனேன்.

அடுத்து இன்னொரு லேபில் அதே கம்பெனி மெஷின். அங்கேயும் கையை நீட்டினேன். அங்கேயும் ஒன்று புள்ளி ஒன்பது. இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே லாட், ஒரே தடவையில் தயாரித்து வந்த மருந்து. மருந்தில் கோளாறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை மட்டுமல்ல, கூடம் கட்டின கொத்தனாரையும் சேர்த்துத் திட்டினேன். கிரியாட்டினின் மருந்தின் இந்த லாட் கெட்டுப்போயிருக்கிறது, உடனே நிறுத்தவும் என்று ஆபீசுக்கு மெயில் போட்டேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு மிதப்பு வேறு.

ஆபீசில் மருந்து சம்பந்தமான புகார்களைப் பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நாமக்கல் பக்கம். என்னைவிட வயதில் சின்னவள், வேலையில் கெட்டி. மறுநாள் நான் ஈஜிபுரா சிக்னலைத் தாண்டும்போது கூப்பிட்டாள். முடிக்காமல் விட்டிருக்கும் பாலத்தின் தூணோரம் பைக்கை ஒதுக்கினேன்.

“சார், அந்த லாட் ஊரு பூரா ஓடிட்டு இருக்கு. வேற எங்கயும் கம்ப்ளைன்ட் இல்ல. கன்ட்ரோல் என்ன வந்துச்சு?”

“கன்ட்ரோல் பாஸ்தாம்மா. ஆனா சாம்பிள் டபுளா வருது.”

“எல்லா பேஷன்ட்டுக்குமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் வேறு யாருடைய எண்ணையும் பார்க்கவே இல்லை. “மத்தவங்களுது பாக்கல” என்றேன்.

“அப்ப எந்த சாம்பிள வெச்சு சொல்றீங்க?”

“என்னுதுதான். எனக்கு எப்பவும் ஒம்போதும்மா. புள்ளி ஒம்போது.”

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

“லைன்லதான் இருக்கேன் சார்” என்றாள். குரல் மாறியிருந்தது. “சார், ரெண்டு மெஷினும் நல்லாத்தான் இருக்கு. மருந்தும் நல்லாத்தான் இருக்கு. நீங்க மொதல்ல ஒரு டாக்டரப் பாருங்க.”

போனை வைத்துவிட்டுத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் வந்ததா என்றால் இல்லை. துக்கமும் வரவில்லை. பல் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. என்னுடையதுதான், ஆனால் என்னுடையது மாதிரி இல்லை. பிறகு அடுத்த சர்வீஸ் காலுக்குப் போய் ஒரு பம்ப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் மாற்றினேன்.

கிட்னி டாக்டர் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மாத்திரைக் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இத்தனை நாள் பெய்ன்கில்லர இப்படிப் போட்டிருக்கீங்க, தண்ணியும் குடிக்கல. அதனால வந்ததுன்னா எறங்கிடும். மாத்திரைய அடியோட நிறுத்துங்க. தண்ணி குடிங்க. சில வாரம் கழிச்சு திரும்பப் பாப்போம். ஒன்னுக்குக் கீழ வந்துட்டா நீங்க தப்பிச்சீங்க. எறங்கலன்னா, மேல போச்சுன்னா, கிட்னி ஏற்கெனவே கெட்டுப்போயிருக்குன்னு அர்த்தம். அப்பறம் அது திரும்பாது, இருக்கறத எத்தனை வருஷம் காப்பாத்தறதுன்னுதான் பாக்கணும்” என்றார். எல்லாம் அடுத்த எண்ணில் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. எண் என்றால் எனக்குப் புரியும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கோரமங்களாவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். முழுசாகக் கேட்டுவிட்டு, “பாவங்க, ஒரு வாரமா அந்த மெஷினப் போட்டு அந்தத் திட்டு திட்டினீங்களே” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. பிறகு முகம் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் விஷயத்தில் அவள் எவ்வளவு கறார் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டும். ஏனோ உடம்பு எழவில்லை.

மாத்திரையை விட்டேன். இடுப்பு வலியை அப்படியே வாங்கிக்கொண்டேன். தண்ணீர் குடித்தேன், லேபுக்கு லேப் வெட்கமில்லாமல் பாத்ரூம் சாவி கேட்டேன். உப்பைக் குறைத்து அவள் சமைத்ததைச் சாப்பிட்டேன். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்த மாதிரி இருந்தது. “வடிஞ்சிருக்குங்க, நல்லா வடிஞ்சிருக்கு” என்று அவள் தினமும் ராத்திரி விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வாள். ஆமாம் என்பேன். எனக்குள் நம்பிக்கையும் இல்லை, நம்பிக்கையின்மையும் இல்லை. அந்த வாரங்களில் ஒரு லேபிலும் நான் கையை நீட்டவில்லை. கன்ட்ரோல் சொட்டாவது கொடுங்கள் என்று கறாராகக் கேட்டு வாங்கி ஓட்டினேன். என் ரத்தம் அளவுகோலாக இருந்த காலம் முடிந்துவிட்டது.

டாக்டர் சொன்ன நாளில் காக்ஸ் டவுன் லேபுக்குப் போனேன். அங்கே இருக்கும் மெஷின் நான் நிறுவியது. நானே பராமரிப்பது. அதைவிட நம்பகமான மெஷின் இந்த ஊரில் எனக்குத் தெரியாது. லேபை நடத்துவது ஒரு டெக்னீஷியன் அம்மா. சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ், கன்னடம், உருது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். என் கையில் எத்தனையோ முறை ஊசி குத்தியிருக்கிறார்.

“என்ன சார், இன்னைக்கு சர்வீஸ் கால் எதுவும் போடலயே நாங்க? மெஷின் ஜோரா ஓடுது” என்றார்.

“பேஷன்ட்டா வந்திருக்கேன் மேடம்” என்று டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். படித்தார். முகத்தில் இருந்த கிண்டல் போயிற்று. வழக்கமாக நிற்கவைத்தே ரத்தம் எடுப்பவர், அன்றைக்கு நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். குழாயில் என் பெயரை எழுதி ஒட்டினார். என் பெயர் எழுதிய குழாயை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். அதற்கு முன்பெல்லாம் ‘ட்ரையல்’ என்றுதான் எழுதுவோம். “மத்தியானம் வாட்ஸ்அப் பண்றேன் சார்” என்றார்.

நான் ஃப்ரேசர் டவுனைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது.

“சார், கோவிச்சுக்காதீங்க. ஊசி எங்கயோ போய் முட்டிக்கிச்சு. எரர் காட்டுது. காலையில எடுத்த சாம்பிள் எல்லாம் அப்படியே நிக்குது.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உங்களுதும்தான்” என்றார்.

வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி ஆபீசைக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. வண்டியைத் திருப்பினேன். உள்ளே போனால் வெளிப் பெஞ்சில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள் நிறைந்திருந்தார்கள். கர்ப்பிணி ஒருத்தி, அவளோடு மாமியார். தொப்பி வைத்த ஒரு தாத்தா. எல்லோரும் என் டூல் பையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெஞ்சில் எனக்கு விடப்பட்ட இடம் மாதிரி ஒரு இடம் காலியாக இருந்தது.

மூடியைக் கழற்றினேன். ஒரு குழாயின் ரப்பர் மூடியை முழுசாக எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்; ஊசி அதில் இடித்து வளைந்திருந்தது. சாதாரணக் கோளாறு. பையில் புது ஊசி இருந்தது. மாட்டி, உயரம் சரிபார்த்து, ஒவ்வொரு குழியின் நடுவிலும் இறங்குகிறதா என்று பார்த்து, அளவு திருத்தினேன். அருகில் ரேக்கில் குழாய்கள் நின்றன. என்னுடையது எதுவென்று தெரிந்தும் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டெக்னீஷியன் அம்மா புதுக் கன்ட்ரோல் குப்பியை உடைத்தார். யாரும் கேட்காமலே உடைத்தார். கரைத்து வைத்தார். ஓடியது. எண்கள் எல்லாம் இருக்க வேண்டிய அளவின் நட்டநடுவில் வந்து நின்றன. இதைவிட அழகாக ஒரு மெஷின் அளக்க முடியாது.

“உங்களுத மொதல்ல வெக்கட்டுமா?”

“வரிசைப்படியே வெய்யுங்க மேடம்.”

வைத்தார். மெஷின் ஒவ்வொன்றாக உறிஞ்சியது. திரையில் எண்கள் வந்துகொண்டிருந்தன. தாத்தாவின் சர்க்கரை, கர்ப்பிணியின் சர்க்கரை, யார் யாருடையதோ கொழுப்பு. எண்களுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்களை அன்று ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு என் பெயர் வந்தது. கிரியாட்டினின் இரண்டு புள்ளி இரண்டு.

இறங்கவில்லை. ஏறியிருந்தது.

அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரு ரிபீட் போட்டுடட்டுமா சார்? இப்பதான ஊசி மாத்தினீங்க. செட் ஆவாம இருக்கும்.” அவருக்குத் தெரியும், செட் ஆகிவிட்டது என்று. எனக்காகச் சொன்னார்.

“கன்ட்ரோல் பாஸ் ஆயிருக்கே மேடம்” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கப் பார்த்தேன், யோசனை ஓடவில்லை. வெளியே தாத்தா கவுன்டரில் தட்டி, ரிப்போர்ட் வருமா வராதா, மெஷின் சரியாயிற்றா இல்லையா என்று உருதுவில் சத்தம் போட்டார்.

மெஷினைப் பழுது பார்த்தபின் இன்ஜினியர் வாயால் சொன்னால்தான் லேபில் ரிப்போர்ட்டை வெளியே விடுவார்கள். அதுதான் முறை. நான் சொல்லும்வரை அந்த எண்களுக்கு மதிப்பில்லை. சொன்னபின் அவை உண்மை. அம்மா மௌஸ் மேல் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்தார்.

“எல்லாத்தையும் விடலாமா சார்?”

என் கையால் சரிசெய்த ஒரு மெஷின் தப்பாக அளந்திருக்கக் கூடாதா என்று என் வாழ்நாளில் முதல்முறையாக ஆசைப்பட்டேன். கன்ட்ரோல் எண்ணை மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.

“மெஷின் நல்லா இருக்கு மேடம்” என்றேன். “விடுங்க.”